முதல் வார்த்தை

நூலக மாடியில் காலை வெயில் மேசைமேல் பளிச்சென்று கிடக்கிறது. திக்குவாய் என்று பலமுறை திருப்பி அனுப்பப்பட்டும் விடாமல் அலைந்து பஸ் கண்டக்டரானவர், தன் வாழ்க்கையை எழுதிய புத்தகத்தை முதன்முறையாகச் சபையில் வாசிக்க நிற்கிறார். முதல் வார்த்தையே ‘பள்ளிக்கூடம்’. “ப... ப...” நாக்கு ஒட்டிக்கொள்கிறது. திக்கும்போது யாரும் வார்த்தையை எடுத்துக்கொடுக்கக் கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருப்பதால், முன்வரிசையில் மனைவி முந்தானையைத் திருகிக்கொண்டு இருக்கிறாள். பின்னாலிருந்து ஒருவர், கையிலுள்ள புத்தகத்தைப் பார்த்து, “பள்ளிக்கூடம்தானே சார்?” என்கிறார். கண்டக்டர் விரலை உயர்த்துகிறார். கேலி பேசும்போது மட்டும் அவருக்குத் திக்குவதே இல்லை. “ஸ்டாப்பிங் வர்றதுக்குள்ள இறங்காதீங்க சார்!” அறையே குலுங்கிச் சிரிக்கிறது. அந்தச் சிரிப்போடு சிரிப்பாக, “பள்ளிக்கூடம்” வழுக்கிக்கொண்டு வந்துவிடுகிறது. அவர் திகைத்து மனைவியைப் பார்க்கிறார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சத்தமாகச் சொல்கிறாள்: “ரைட், போலாம்!”