ஐரிஸுக்காக

ஜெரால்ட் உருவாக்கிய ஜாஸ் இசைத் துண்டுகளில் ஒன்றுக்கு மட்டும்தான் பெண் பெயர்: ‘ஐரிஸுக்காக’. அதன் நடுவே அவர் குழுவில் இருந்த நாங்கள் எல்லோரும் வாசிப்பதை நிறுத்திவிடுவோம். அவர் சாக்ஸபோனை உதட்டிலிருந்து எடுத்து, கூட்டத்தைப் பார்த்து இடது புருவத்தை உயர்த்திக் காத்திருப்பார். ஒரு மூச்சு நேரம்தான். பிறகு என் பியானோ தொடங்க வேண்டும். அந்தப் புருவம் யாருக்கு என்று ஊரே கேட்டது. ஐரிஸ் என்று பெயர் வாய்த்த மூன்று பெண்கள் தங்களுக்குத்தான் என்று நம்பினார்கள். அவருடைய நினைவுக் கச்சேரிக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். ஓட்டல் கச்சேரிகளுக்கு ஒருநாளும் வராத அவர் மனைவி மியூரியலும் அன்று வந்திருந்தார். “நிஜமாவே யாரு ஆன்ட்டி அந்த ஐரிஸ்?” என்று மேடையேறுமுன் கேட்டேன். “எனக்கு எப்படிப்பா தெரியும்? நானும் கேட்டுப் பார்த்தேன். வீட்ல வாசிச்சுக் காட்டிட்டு, ஒழுங்காக் கேளுன்னு மட்டும்தான் சொல்வார்” என்றார். ‘ஐரிஸுக்காக’ வாசித்தோம்; நடுவே அந்த இடம் வந்தது. ஜெரால்டுக்குப் பதிலாக வாசித்த டெரன்ஸ், அவரைப் போலவே சாக்ஸபோனை எடுத்துப் புருவத்தை உயர்த்தினான். மூன்று ஐரிஸ்களும் தலைகுனிந்தார்கள். பின்வரிசையிலிருந்து, அடக்க மாட்டாமல், மியூரியல் சிரித்தார். கட்டைக் குரலில், படியிறங்கி வருவது போன்ற சிரிப்பு. அளவெடுத்துத் தைத்ததுபோல் அந்த மௌனத்தில் பொருந்தி, என் முதல் ஸ்வரத்தின் வாசலில் வந்து நின்றது. என்ன மனிதர் இந்த ஜெரால்ட்; இத்தனை வருடமும் இந்தச் சிரிப்புக்குத்தான் இடம் விட்டு வைத்திருந்திருக்கிறார். நான் தொடங்கவில்லை. டிரம்ஸ்காரரும் கையை இறக்கவில்லை. டெரன்ஸ் எங்களைப் பார்த்தான்; பிறகு மறுபடியும் புருவத்தை உயர்த்தினான்.