பால் காசு

"பதினோரு றாத்தல்!" என்று கத்தினார் கணக்கப்பிள்ளை செல்லசாமி. தராசில் தொங்கிய கூடை, காலை உதைத்துக்கொண்டு வீரிட்டு அழுதது.

உள்ளே கிடந்தது தேயிலைக் கொழுந்து அல்ல, அம்மாக்கண்ணுவின் ஐந்து மாத மகன்.

பவுலின் என்ற சீமாட்டி தன் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "போன மாசம் பதினாலு. இப்ப பதினொண்ணு. மூணு றாத்தல் எங்கடி போச்சு?"

அம்மாக்கண்ணு கூடைக்குள் கைவிட்டாள். பிள்ளையை எடுத்து இடுப்பில் வைத்துப் பார்த்தாள். இடுப்பு வலிக்கிற கனம்தான் இருந்தான், பாவி.

பவுலின் அம்மா தலவாக்கலை டவுனில் ஒரு பெரிய கடைக்காரரின் மனைவி. ஏழைகள் என்றால் அவருக்கு உயிர், அவர்கள் கொஞ்சம் தள்ளி நின்றால். நாலு சீமாட்டிகளோடு சங்கம் ஒன்று வைத்து, டயகமப் பக்கத்து இந்தத் தோட்டத்தில் கைப்பிள்ளைக்காரிகளுக்கு மாதம் பத்து ரூபாய் கையிலேயே கொடுத்துவந்தார். பால் காசு என்று அதற்குப் பேர். பிள்ளை எடை ஏறினால் காசு தொடரும், இறங்கினால் நின்றுவிடும்.

போன மாதம் தோட்டத்து ஆஸ்பத்திரித் தராசில் நிறுத்தார்கள். இந்த மாதம் அது உடைந்து கிடந்தது. "அதுக்கென்ன, கொழுந்து நிறுக்கிற தராசு இருக்குதானே?" என்றார் பவுலின் அம்மா.

"அது வேணாங்கம்மா. கொழுந்துக் கறை பச்சப் புள்ளைங்க மேல படும்" என்று கையைப் பிசைந்தார் கணக்கப்பிள்ளை. அந்தப் பெண்கள் பறித்த கொழுந்தைத் தினமும் நிறுத்துக் கூலிக்குப் பேர் போடுகிறவர் அவர்தான். கொட்டுகிற மழையில் அவர்களை நிற்கவைத்துவிட்டு வெற்றிலை மடிக்கிற மனிதருக்கு உள்ளே இத்தனை ஈரம் இருப்பது அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது. ஆனாலும் அம்மா விடவில்லை. தராசு வந்தது.

அடுத்து மீனம்மாவின் மகள். பதினைந்து பன்னிரண்டாகியிருந்தது. பேச்சியம்மாவின் பிள்ளையும் அதே கதி.

"நல்லா ஒத்துமையாத்தான் காசக் குடிச்சிருக்கீங்க எல்லாரும்!" என்றார் பவுலின் அம்மா.

"குடிக்கலீங்கம்மா. நான் கம்பளி வாங்கினேங்க" என்றாள் மீனம்மா. "மொதப் புள்ளைய இந்தக் குளிருதான்..."

"கம்பளியைப் புள்ள தின்னுமா? நீ என்ன செஞ்ச?"

பேச்சியம்மா தலையைச் சொறிந்தாள். "கூரை ஒழுகுதுங்கம்மா. புள்ள படுக்கிற எடத்துக்கு மேல ஒரு தகரம் போட்டேன்."

"தகரம்! அம்மாக்கண்ணு, நீ?"

"நானும் பக்கத்து வீட்டுக் காம்பராக்காரியும் சேந்து ஒரு ஆடு வாங்கினோங்கம்மா. வேளைக்கு அரைப் போத்தல் கறக்குது."

பவுலின் அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார். "பால் வாங்கக் காசு குடுத்தா ஆடு வாங்குறாளுங்களே!"

கணக்கப்பிள்ளை தொண்டையைச் செருமினார். "இதுங்க கையில காசக் குடுத்தா இப்படித்தாங்கம்மா. ஆடு, தகரம்னு வாயால சொல்லுதுங்க. காசு போறது கள்ளுத் தவறணைக்கு."

அப்போதுதான் ஒஸ்டின் காரிலிருந்து டெய்சியைத் தூக்கிக்கொண்டு வந்தான் டிரைவர் சோலைமலை. டெய்சி ஒரு வெள்ளை நாய். மேலே நீலக் கம்பளிச் சட்டை போட்டிருந்தது.

"இதப் பாத்துப் படிச்சுக்கிடுங்க. தினம் ஈரல், தினம் முட்டை. காலையிலயும் வீட்டுத் தராசுல நிறுத்துட்டுத்தான் கார்ல ஏத்தினேன், இருபது றாத்தல்! பொறுப்பா வளர்த்தா எடை ஏன் குறையுது?" பவுலின் அம்மா தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். "இனிமே பால் காசு கெடையாது."

பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். அம்மாக்கண்ணு மட்டும் தராசைப் பார்த்தாள், பிறகு நாயைப் பார்த்தாள். இடுப்பில் பிள்ளை இன்னும் தேம்பிக்கொண்டிருந்தான்.

"காசு போனா போவுதுங்கம்மா" என்றாள், குரலைக் குழைத்து. "எம் புள்ள அழுவய நிறுத்த மாட்டேங்கிறான். எவ்வளவு அழகான நாயி! அதக் கூடையில வச்சு ஒருக்கா ஊஞ்சல் ஆட்டினா சிரிச்சிருவான்."

டெய்சியை யார் மெச்சினாலும் பவுலின் அம்மா இளகிவிடுவார். "வை, சோலைமலை."

"ஐயோ, கறை படுங்கம்மா!" என்று பாய்ந்து வந்தார் கணக்கப்பிள்ளை. அதற்குள் டெய்சி கூடையில் ஏறி, மகாராணிபோல் உட்கார்ந்துவிட்டது.

பிள்ளை சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை. எல்லார் கண்ணும் தராசு முள்ளின் மேல் இருந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தோட்டமே கேட்கக் கத்திய கணக்கப்பிள்ளைக்கு இப்போது தொண்டை கட்டிவிட்டது.

பவுலின் அம்மாவே குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"பதினாறா?"

சட்டென்று டிரைவர் பக்கம் திரும்பினார். "அடேய் சோலைமலை! டெய்சியோட ஈரலத் தின்னது நீதானேடா?"

அம்மாக்கண்ணு பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"அவர ஏசாதீங்கம்மா. தெனம் எங்க கொழுந்தத் தின்னுற தராசு, இன்னைக்குத்தான் கறி தின்னுருக்கு."