அழித்த வரி

உட்துறைமுக வீதி அச்சுக் கடையில், கணினியின் பேஜ்மேக்கரில் பூரணி அஞ்சலிச் சுவரொட்டி அமைக்கிறாள். ஓரக் கரையும் குத்துவிளக்குப் படமும் போன கிழமை செத்தவரின் சுவரொட்டியில் இருந்தவை. பெயரும் படமும் மட்டும் புதிது. அடையாள அட்டையிலிருந்து எடுத்த குகதாசனின் முகம் திரையில் புள்ளி புள்ளியாக நிற்கிறது. கடற்படைப் படகின் உறுமலில் கண்ணாடிக் கதவு அதிர்கிறது. அவனுடைய தகப்பன் பாக்கியரத்தினம் கதிரையை விட்டெழுந்து, ‘சுட்டுக் கொல்லப்பட்ட’ என்ற வரியை விரலால் தொடுகிறார். “இதை எடுத்துவிடுங்கோ பிள்ளை.” “ஊருக்கே தெரியுந்தானே ஐயா.” “ஓம். ஆனா சுவரில இருக்கக் கூடாது. இளையவன் வீட்டில இருக்கிறான்.” பூரணி அந்த வரியை அழிக்கிறாள். நடுவில் வெள்ளையாக இடம் விழுகிறது. “அவன்ட படத்தைப் பெரிசாக்கி அதை நிரப்புங்கோ,” என்கிறார். அவள் இழுக்க இழுக்கப் புள்ளிகள்தான் பெரிதாகின்றன. முகம் கலைந்துகொண்டே போகிறது.