பாலம்மாளின் ஏழரைச் சனி

"எனக்கு ஏழரைச் சனி நடக்கு மதினி. அது முடியுமுன்ன இந்த வீட்டுல தொட்டில் கட்டினா என் உயிருக்கு ஆகாது. இன்னும் மூணு வருஷம் பொறுக்கணும்."

வாசலில் நின்று, நாலு வீட்டுக்குக் கேட்கும்படி பாலம்மாள் சொன்னாள். மகன் நம்பிராஜனை ஜவுளிக்கடையிலேயே படுக்கச் சொல்லிவிட்டு, மருமகள் ரெங்கம்மாளைத் தன் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்ட மகராசி.

ராயகிரியிலிருந்து வில்வண்டி கட்டி வந்திருந்த சம்பந்தி மூக்கம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்க உயிருக்காக எம்மக வயித்துல ஒரு புழு பூச்சி தங்கக்கூடாதாக்கும்?"

"ஆமா. எனக்கு என் உயிரு பெருசுதான்."

முப்பத்தாறாம் வருஷம் அது. தென்காசியில் மருமகளைப் படுத்துகிற மாமியார்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பேரப்பிள்ளை வேண்டாம் என்ற மாமியாரை யாரும் பார்த்ததில்லை. தெருவே அவளுக்குச் 'சனியம்மாள்' என்று பெயர் வைத்திருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணான நானும் அப்படித்தான் சொல்லிச் சிரிப்பேன்.

ரெங்கம்மாள், கல்யாணமான மறுவருஷம் விஷக்காய்ச்சலில் விழுந்தவள். காய்ச்சல் போய்விட்டது, அசதி போகவில்லை. ஒரு குடம் தண்ணீர் இறைத்தால் இரண்டு நாள் படுக்கை. நடுவில் தங்கிய ஒரு கருவும் மூன்றாம் மாதம் கலைந்தது. நாடியையும் நாக்கையும் பார்த்த டாக்டரம்மா ஒன்றுமில்லை என்றாள். ஊர் சோம்பேறி என்றது.

மூக்கம்மாளுக்கு அதற்கொரு வைத்தியம் தெரியும்.

"ஒரு பிள்ளையப் பெத்தா எல்லா அசதியும் பறந்துரும். ஏட்டி ரெங்கம்மா, கெளம்பு. குத்தாலத்துல ஜோசியர் ஞானசம்பந்தத்தப் பாத்து, உம் மாமியாளுக்குப் பரிகாரம் கேட்டுட்டு வருவோம்."

பாலம்மாள் தடுக்கவில்லை. "அவளை ரொம்ப நடக்க விடாதீக" என்று மட்டும் சொன்னாள்.

துணைக்கு என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள். அந்தக் காலத்துக் குற்றாலத்தை இப்போது நினைத்தாலும் மனசு குளிர்கிறது. ஆனிச் சாரல் பொடிப்பொடியாக முகத்தில் விழும். கூட்டம் கிடையாது. மாட்டு மணியும் அருவியும் தவிர வேறு சத்தம் கேட்காது. எனக்கு அப்போது பதினாறு வயசு. ஒரு நாழிகை அருவியில் நின்றும் ஆசை தீரவில்லை.

ரெங்கம்மாளோ காலை நனைத்ததோடு சரி. வண்டிக்குத் திரும்பிப் படுத்துவிட்டாள். மூக்கம்மாளும் நானும்தான் ஜோசியர் வீட்டுக்குப் போனோம்.

"யாரு, தென்காசிப் பாலம்மாளா?" ஜோசியர் சிரித்துவிட்டார். "அவளுக்கு ஏது ஜாதகம்? பொறந்த நாளே தெரியாதுன்னு, கோயில்ல பூக்கட்டிப் பாத்துல்லா கல்யாணம் முடிச்சாக. எங்கப்பாதான் கூட நின்னாரு. ராசியே தெரியாதவளுக்கு ஏழரை நடக்குன்னு யாரு சொன்னா?"

மூக்கம்மாள் வண்டிக்கு வந்த வேகத்தில் மாடு மிரண்டது.

"ஏட்டி, உம் மாமியா ஊரையே ஏமாத்துதா. அவளுக்கு ஜாதகமே கிடையாதாம். இன்னைக்கு நடுத்தெருவுல வச்சுக் கேக்கேன் பாரு."

"தெரியும்மா" என்றாள் ரெங்கம்மாள், படுத்தபடியே. "நான்தான் அத்தைகிட்ட அழுதேன்."

"என்னத்துக்கு?"

"தலை பின்ன கையத் தூக்கினா மறுநாள் எந்திரிக்க முடியல. பத்து மாசம் எப்படிச் சுமப்பேன்? பெத்தாலும் தூக்கிப் பாலு குடுக்கத் தெம்பு வேண்டாமா? எனக்கும் பிள்ளை ஆசை இருக்கும்மா. உடம்பு கொஞ்சம் தேறட்டும்னு பாக்கேன்."

"அத எங்ககிட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

"போன தடவ சொன்னேன். 'வாய மூடு, அபசகுனமாப் பேசாத'ன்னு சொன்னியேம்மா. பிள்ளை இப்ப வேண்டாம்னு நான் சொன்னா, அவுகளுக்கு வேற பொண்ணு பாருன்னு ஊரு சொல்லும். அதான் அத்தை, 'ஏசினா என்னைய ஏசட்டும், நீ படுத்துக்கோ'ன்னாக. உம் மருமகனுக்கும் இது தெரியும்."

மகளின் கால்களில் இன்னும் ஈரம் இருந்தது. அதைத் துடைக்கவும் அவளுக்குத் தெம்பில்லை. மூக்கம்மாள் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். சனியம்மாள் என்று சிரித்த வாயை எங்கே கொண்டு வைப்பதென்று தெரியாமல் நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

தென்காசியில் வண்டி நின்றதும் தெருப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். வாசலில் நின்ற பாலம்மாளின் முகம் வெளுத்திருந்தது. எந்த ஜோசியரிடம் போய்விட்டு வருகிறார்கள் என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

"ஜோசியர் என்ன சொன்னாரு ஆச்சி?" என்று ஒருத்தி ஆவலாகக் கேட்டாள்.

மூக்கம்மாள் மகளைக் கைத்தாங்கலாக இறக்கி, பாலம்மாளிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பினாள்.

"மதினி கொறச்சுல்லா சொல்லிட்டாக. மூணு வருஷம் இல்லையாம், அஞ்சு வருஷம் பொறுக்கணுமாம்."