கிழக்குக் கூடத்து நிபந்தனை

இந்தக் காலத்தில் உடைந்த நாற்காலியைக்கூட யாரும் சும்மா தருவதில்லை. பரம்பரை மாளிகையையே இசைப்பள்ளிக்குத் தூக்கிக் கொடுத்த பிரபுவைப் பார்த்துப் பள்ளி முதல்வர் உருகிப்போனார்.

“கிழக்குக் கூடத்துல டிரம்ஸ் வகுப்பு வைக்கணும். ஜன்னலைச் சாத்தவே கூடாது. விடியறதுக்கு முன்னாடி ஆரம்பிச்சிடணும்” என்றார் பிரபு.

“காத்தோட்டம், அதிகாலைச் சாதகம்! என்ன ஒரு ரசனைங்கய்யா!”

“அங்க புதுசா சேந்தவங்க மட்டும்தான் அடிக்கணும். நல்லா வாசிக்க வந்துட்டா உடனே மாடிக்கு மாத்திடுங்க.”

“கத்துக்குட்டிங்க மேல இவ்வளவு அக்கறையா!” முதல்வருக்குக் கண் கலங்கியது. “கல்வெட்டுல மாளிகை வரலாறு போடணும். உங்களுக்குச் சங்கீதத்துல ஆசை எப்படி வந்துச்சு?”

“சங்கீதமா? ரேடியோ பாடினாலே எனக்கு மண்டை வெடிக்கும். அதான் ஊர்க்கோடிக்குக் குடி போறேன்.”

“அப்புறம் எதுக்குங்கய்யா…?”

பிரபு கிழக்கு ஜன்னலைத் திறந்தார். கையெட்டும் தூரத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல். உள்ளே ஒரு கட்டில்.

“என் தம்பியோட படுக்கையறை. மாளிகையில பங்கு வேணும்னு வருஷக்கணக்கா என்னைக் கோர்ட்டுக்கு இழுத்தான். இனிமே தினமும் விடிகாலையில அவன் பங்கு அவனுக்குப் போய்ச் சேந்துடும்.”