தோளில் ஏறிய கோழி

"என்னங்க, மாமா அதத் தோள்ல போட்டுக்கிட்டு மண்டிக்கே போயிட்டாருங்க!"

ஓசூர் கம்பெனியில் ராத்திரி ஷிப்ட் முடித்து அப்போதுதான் வெளியே வந்த வீரமணிக்கு, போனில் மனைவி போட்ட சத்தம் ஒன்றும் விளங்கவில்லை.

"எத கலை?"

"நான் செஞ்ச கிச்சன் டவலுங்க. கோழிப் படம் போட்டது!"

வீரமணி சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு நிற்கவே இல்லை. கலைமதிக்கு அழுகை வந்துவிட்டது.

ஆசை ஆசையாகச் செய்த துணிகள் அவை. வெறும் வெள்ளைப் பருத்தித் துணியில், அந்தக் காலத்து பிரெஞ்சுக் கடை விளம்பரம் மாதிரி படங்கள். கொண்டைக் கோழி, ரோஜாக்கொத்து, கிரீடம், தேனீ. சுற்றிலும் சுழித்துச் சுழித்து பிரெஞ்சு எழுத்து. யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலமாகத் திருப்பி, அதற்கென்று விற்கிற தாளில் பிரிண்ட் எடுத்து, துணிமேல் கவிழ்த்து, இஸ்திரிப் பெட்டியை அழுத்தித் தேய்க்க வேண்டும். சூடு ஆறியதும் தாளை உரித்தால் கோழி துணிக்கு வந்திருக்கும். அந்த ஒரு நொடிக்காகவே இன்னும் நூறு செய்யலாம் போலிருக்கும்.

நிறையவே செய்தாள். விற்கத்தான் இல்லை.

"பாத்திரம் தொடைக்கிற துணிக்கு எதுக்குடி பூவும் கோழியும்?" என்றாள் பக்கத்து வீட்டுப் பெரியம்மாள். தர்மபுரி ஃபேன்சி ஸ்டோர்க்காரர் விரித்துக்கூடப் பார்க்கவில்லை. இன்ஸ்டாகிராமில் போட்டாள், கூடப் படித்தவர்கள் ஹார்ட் போட்டதோடு சரி. எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டி பீரோ மேல் ஏற்றிவிட்டாள்.

அதிலிருந்துதான் மாமனார் சென்னப்பன் ஒன்றை உருவிக்கொண்டு, தக்காளிக் கூடைகளோடு பாலக்கோட்டுக்குப் போயிருக்கிறார்.

மதியம் பஸ்ஸைவிட்டு இறங்கி வந்தார். கறுத்த தோளில் வெள்ளைத் துணி. அதில் சிவப்புக் கொண்டையோடு கோழி.

"மாமா, அது துண்டு இல்லீங்க. அடுப்படித் துணி."

"அப்படியா கண்ணு? வேர்வைய நல்லா இழுக்குது."

"எல்லாரும் சிரிச்சிருப்பாங்களே?"

"சிரிச்சாங்க, சிரிச்சாங்க" என்றார் சந்தோஷமாக. "'என்னா சென்னப்பா, தக்காளிய வுட்டுட்டுக் கோழிப் பண்ணைக்கு மாறிட்டியா'ன்னான் ஒருத்தன். இன்னொருத்தன் 'இது என்னா பாஷை'ன்னான். பிரெஞ்சுன்னேன். மண்டியே கூடிப்போச்சு!"

கலைமதி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

மறுநாளே கரை போட்ட நல்ல துண்டு ஒன்று வாங்கி வந்து கொடுத்தாள். "அருமையா இருக்குது கண்ணு" என்று வாங்கி, பத்திரமாக மடித்துப் பெட்டியில் வைத்தார். அடுத்த லோடுக்கு ரோஜாக்கொத்தைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். அதற்கடுத்த லோடுக்குக் கிரீடம்.

வீரமணியிடம் சொன்னால், "எங்கப்பாவ நான் என்னைக்குத் தடுத்திருக்கேன்? போட்டுட்டுப் போவட்டும் வுடு" என்று மறுபடியும் சிரிக்கிறான்.

பெரியம்மாள் சிரிக்கவில்லை. வேலியோரம் வந்து நின்றாள்.

"ஏண்டி கலை, மண்டியில உம் மாமனாருக்குப் பேரே 'கோழித்துண்டு'ன்னு ஆயிப்போச்சாம்ல? எம்மாம் மரியாதையா இருந்த மனுசன்! கரித்துணியத் தோள்ல போட வெச்சுட்டியே!"

சுருக்கென்று தைத்தது. அன்று சாயங்காலம் மாமனார் காபி டம்ளரைக் கையில் வாங்கும்போதே வெடித்துவிட்டாள்.

"இனிமே அதப் போடாதீங்க மாமா. வெவரம் தெரியாதவருன்னு ஊரே பேசுது. எனக்குத்தான் அசிங்கமா இருக்குது."

சொன்ன பிறகுதான் வார்த்தை தடித்துவிட்டது உறைத்தது. சென்னப்பன் கோபித்துக்கொள்ளவில்லை. காபியை ஆற்றிக் குடித்தார்.

"சரி கண்ணு" என்றார்.

காலையில் எழுந்து பார்த்தால் ஆளைக் காணோம். மூட்டையில் தேனீ போட்ட துணியையும் காணோம்.

கலைமதிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இந்த மூட்டை இருக்கிறவரைக்கும் இந்த மனிதரைத் திருத்த முடியாது. பெரியம்மாள் சொன்னபடி எல்லாவற்றையும் நிஜமாகவே கரித்துணி ஆக்கிவிட வேண்டியதுதான். மூட்டையைக் கீழே இறக்கிப் பிரித்தாள். கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதலில் கையில் வந்தது ஒரு கோழி.

போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"கலைமதிங்களா? எம் பேரு சோபனா. கிருஷ்ணகிரி ரோட்டுல புதுசா ஓட்டல் தெறக்கறோம். நீங்க செய்யற கிச்சன் டவல் வேணும். கைவசம் இருக்கறது எல்லாத்தையும் எடுத்துக்கறேன். இன்னும் செஞ்சு தர முடியுங்களா?"

கலைமதி கத்தரிக்கோலை அவசரமாக முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள், போனில் தெரிந்துவிடும் என்பதுபோல.

"செஞ்சு தரேங்க! எத்தன வேணும்னாலும் தரேங்க! ஆனா... நீங்க இத எங்க பாத்தீங்க?"

"தக்காளி வாங்கலாம்னு பாலக்கோட்டு மண்டிக்கு வந்தேன். ஒரு பெரியவரு தோள்ல போட்டிருந்தாரு. தேனீப் படம். அவ்வளவு அழகா இருந்துச்சு."

கலைமதிக்கு முகம் சூடாகிவிட்டது.

"ஐயோ, அவரு எங்க மாமாங்க. தப்பா நெனச்சுக்காதீங்க. பாவம், அது அடுப்படித் துணின்னு எவ்வளவு சொன்னாலும் அவருக்குப் புரியறதில்ல."

மறுமுனையில் சோபனா சிரித்தாள்.

"யாருக்கு, அவருக்கா புரியல? 'இந்தத் துண்டு எங்க வாங்கினீங்க'ன்னுதான் நான் கேட்டேன். 'துண்டு இல்லீங்க, அடுப்படித் துணி, எம் மருமவ செய்யறா'ன்னு சொல்லி உங்க நம்பர மூச்சு விடாம ஒப்பிச்சாரு. 'எல்லாரும் உங்களப் பாத்து சிரிக்கறாங்களே'ன்னேன். அதுக்கு என்னா சொன்னாரு தெரியுங்களா? 'பீரோ மேல கெடந்தா ஒருத்தனும் பாக்க மாட்டான். இங்க சிரிக்கறவனும் பாத்துட்டுத்தானுங்களே சிரிக்கறான்!'"