கோலத்துக்கு அடியில்

"ஐயையோ, மாமா! ஓடி வாங்க, மெய்யம்மை ஆச்சி கோலத்தை வெட்டுறாங்க!"

ஜெயா போட்ட கூச்சலில் அந்த லோரோங் சந்தே வாசலுக்கு வந்துவிட்டது.

நடுச் சந்தில் மண்வெட்டியும் கையுமாக நின்றாள் மெய்யம்மை. காஜா பெராங் பகுதியின் அந்தச் சந்துக்காரர்கள், ரோட்டைப் பார்க்க அதிகாரி வருகிறார் என்று விடியும் முன்பே எழுந்து, சந்து நடுவில் இருந்த பெரிய பள்ளத்தில் செம்மண் கொட்டி, மிதித்துக் கெட்டியாக்கி, மேலே கோலம் போட்டிருந்தார்கள். ஜெயாகூட நிறைமாத வயிற்றோடு வாசலில் உட்கார்ந்து கலர்ப் பொடி கலந்து கொடுத்தாள். அந்தக் கோலத்தைத்தான் மெய்யம்மை வெட்டிக்கொண்டிருந்தாள்.

நாராயணன் பாய்ந்து வந்து மண்வெட்டியைப் பிடுங்கினார். ஜெயாவின் மாமனார். அந்தச் சந்தில் நல்லது கெட்டது எதுவானாலும் முன்னால் நிற்கிறவர்.

"உனக்கென்ன கிறுக்குப் பிடிச்சிருச்சா, மெய்யம்மை?"

"பள்ளத்தை மூடாதீங்க அண்ணே. வர்ற ஆபீசர் கண்ணால பார்க்கட்டும்."

"நல்லா இருக்கு நியாயம்! வெள்ளைக்காரன் காலத்துல வருஷம் தவறாம வீட்டு வரி கட்டினோம். ஒரு பய எட்டிப் பார்த்தானா? இப்பத்தான் மெர்டேக்கா, சுதந்திரம் வந்து, நம்ம நாட்டு ஆளு முதல் தடவையா நம்ம ரோட்டைப் பார்க்க வர்றாரு. வீடு தேடி வர்ற விருந்தாளியைச் சேத்துல இறக்கிவிடச் சொல்றியா?"

"அவரு விருந்தாளி இல்லை அண்ணே. நம்ம வரியில சம்பளம் வாங்குறவரு."

"போதும், வாயை மூடு!"

எதிர்வீட்டு சாரதாம்பாள் பக்கத்தில் நின்றவளிடம் முணுமுணுத்தாள்.

"பாவம்தான், இல்லேங்கலை. அதுக்காக ஊர் நல்ல காரியத்துக்குக் குறுக்கே நிக்கிறதா? ஜெயா வயித்தைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கிறா. அடுத்த வீடு, வளைகாப்புக்கு வந்தாளா? எல்லாம் வயித்தெரிச்சல்!"

பாவம் என்று அவள் சொன்னதற்குக் காரணம் உண்டு. போன வருஷ மழையில் மெய்யம்மையின் மகள் ருக்மணிக்கு வலி எடுத்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய மூன்று சக்கரப் பேச்சா சைக்கிள் வண்டி இதே பள்ளத்தில்தான் குடை சாய்ந்தது. ருக்மணியும் போனாள், வயிற்றில் இருந்ததும் போயிற்று. அன்றிலிருந்து மெய்யம்மை யாரோடும் பேசுவதில்லை. பெற்ற வயிறு, எப்படித்தான் தாங்குமோ!

"உள்ளே போ. துக்க வீட்டுக்காரி இன்னைக்கு முன்னால வராதே" என்றார் நாராயணன்.

அவள் நகரவில்லை. நாலு பெண்கள் கையைப் பிடித்து இழுத்துப்போய் அவள் வீட்டுக்குள் விட்டார்கள். நாராயணன் வெளியே தாழ்ப்பாளைப் போட்டார். வெட்டின இடத்தை அவசர அவசரமாக மூடி, கோலத்தையும் ஒட்டுப்போட்டு முடித்தார்கள்.

அதிகாரி வந்தார். மலாய்க்காரர், தன்மையான மனிதர். மாவிலைத் தோரணத்தைப் பார்த்துச் சிரித்தார். கோலத்துக்கு முன்னால் தயங்கி நின்றார்.

"இதை மிதிக்கலாமா?"

"தாராளமா மிதிங்க துவான். உங்களுக்காகத்தான் போட்டது."

"சரி, நீங்க மனுவிலே எழுதின பெரிய பள்ளம் எங்கே?"

"நீங்க நிக்கிற இடம்தான்!" நாராயணனுக்குப் பெருமை தாங்கவில்லை. "உங்க கால்ல சேறு படக்கூடாதுன்னு நாங்களே மூடிட்டோம்."

அதிகாரி காலால் அழுத்திப் பார்த்தார். கெட்டியாகத்தான் இருந்தது.

அப்போது மெய்யம்மை வீட்டுக் கதவு தடதடவென்று அதிர்ந்தது. உள்ளே இருந்து ஏதோ கத்தல்.

"அது என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்லை துவான். கொஞ்சம் புத்தி சரியில்லாத அம்மா."

அதிகாரி தலையாட்டிவிட்டு, கொடுத்த இளநீரைக் குடித்தார். போகும்போது நாராயணனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"எல்லாரும் உங்களை மாதிரி இருந்தா எங்களுக்குக் கவலையே இல்லை. இந்த வருஷ வரிப் பணத்துல வாங்கின கல்லும் தாரும் கொஞ்சம்தான். உஜோங் பாசிர்ல ரோடு படு மோசம், முதல்ல அங்கே அனுப்பிடுறேன். உங்களுக்கு அடுத்த வருஷம்."

"துவான், அது வெறும் மண்ணு…"

"இருக்கட்டும், ஒரு வருஷம் தாங்கும்."

கார் கிளம்பிவிட்டது. நாராயணன் கும்பிட்ட கையை இறக்க மறந்து நின்றார்.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. தீபாவளிக்கு முன்னால் வருகிற மழை, கேட்கவா வேண்டும்? கோலம் கரைந்தது. பிறகு செம்மண்ணும் கரைந்து சாக்கடைக்குப் போனது. பள்ளம் பழையபடி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

அப்போதுதான் நாராயணனுக்குத் தாழ்ப்பாள் ஞாபகம் வந்தது. நனைந்துகொண்டே போய்த் திறந்தார்.

மெய்யம்மை கதவை ஒட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள். தட்டித் தட்டிக் கை வீங்கியிருந்தது.  அதைப் பார்த்தும் நாராயணனின் வாய் சும்மா இருக்கவில்லை.

"ரோடு இந்த வருஷம் கிடையாதாம். உனக்கு இப்ப திருப்திதானே?"

அவள் அவரைத் தாண்டி மழையைப் பார்த்தாள்.

"அண்ணே, மழை கொஞ்சம் விட்டதும் ஜெயாவைப் பெரிய ரோட்டுப் பக்கம் யாராவது சொந்தக்காரங்க வீட்டுல கொண்டுபோய் விட்டுடுங்க. அவளுக்கு இதுதான் மாசம். திடீர்னு வலி எடுத்தா இங்கே பேச்சா வராது."

நாராயணன் பள்ளத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"நீ… ஜெயாவுக்காகவா வெட்டினே?"

"பின்னே? செத்துப்போன என் மகளுக்கு ரோடு எதுக்கு, அண்ணே?"